ஆற்றை அறிந்தவர்களும் ஊரை அமைத்தவர்களும்: கண்டகையின் கதை

சிட்னியிலிருந்து மெல்பர்னுக்குச் சாலை வழியாகப் போகிறவர்கள் ஏறக்குறையப் பாதி வழியில், சுமார் 390 கிலோமீட்டர் தொலைவில், மரம்பிட்ஜி ஆற்றைக் கடக்கிறார்கள். ஹ்யூம் நெடுஞ்சாலை அந்த இடத்தில் ஷீஹன் பாலத்தின் மேல் ஏறுகிறது. பாலத்தின் நீளம் 1,143 மீட்டர். கீழே ஓடும் ஆறோ சாதாரண நாட்களில் அந்த நீளத்தில் பத்தில் ஒரு பங்கு அகலம்கூட இராது. மீதிப் பாலம் முழுக்க மாடு மேயும் புல்வெளிக்கு மேல் நிற்கிறது. மேற்கொண்டு பார்த்தால் இன்னொரு விசித்திரமும் தெரியும். ஆற்றங்கரையில், வண்டலும் தண்ணீரும் நிறைந்த அந்தச் சமவெளியில் வீடுகளே இல்லை. ஊர் விலகிப் போய் இரு பக்கத்து மேட்டிலும் ஏறி உட்கார்ந்திருக்கிறது. நடுவில் பெரிய வெற்றிடம்.

அந்த வெற்றிடத்தில்தான் முதலில் ஊர் இருந்தது. 1838-இல் அரசு அளந்து, தெரு பிரித்து, மனை விற்ற ஊர். 1852 ஜூன் மாதத்தில் ஒரே வெள்ளத்தில் அது போய்விட்டது. ஊரின் பெயர் கண்டகை. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், இன்று சுமார் 2,000 பேர் வாழும் சிற்றூர். ஆஸ்திரேலியாவின் பதிவான வரலாற்றில் மிக அதிக உயிர்களைக் கொன்ற வெள்ளம் இங்கேதான் வந்தது. அதைத் தடுத்திருக்க முடியாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆற்றைத் தடுத்திருக்க முடியாது, உண்மை. ஆனால் ஊரை அங்கே வைக்காமல் இருந்திருக்கலாம். வைத்த பிறகும், எழுந்து போக எட்டு ஆண்டு அவகாசம் இருந்தது.

முதலில் ஆற்றைப் புரிந்துகொள்ள வேண்டும். மரம்பிட்ஜி பனிமலைத் தொடரில் பிறந்து மேற்கே ஓடி, கடைசியில் மரே ஆற்றில் கலக்கிறது. ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர் நீளம். கண்டகைக்குச் சற்று மேலே டியூமட் ஆறு வந்து இதனுடன் சேர்கிறது. அதுவும் அதே மலைகளின் மழையையும் உருகும் பனியையும் கொண்டுவருவது. மலைப்பக்கம் பல நாள் மழை பிடித்தால் இரண்டு ஆறுகளின் பெருக்கும் ஒரே நேரத்தில் கண்டகைக்கு வந்து சேரும். மலையிடுக்கிலிருந்து வரும் தண்ணீருக்கு விரிந்து பரவக் கிடைக்கும் இடங்களில் ஒன்று இந்தச் சமவெளி. போதாததற்கு, ஆற்றிலிருந்து பிரிந்து சமவெளியின் வடக்கு ஓரமாகச் சுற்றிப்போய் மறுபடி ஆற்றிலேயே சேரும் மோர்லி ஓடை என்ற கிளை வேறு இருக்கிறது. பழைய ஊர் இந்த ஓடைக்கும் ஆற்றுக்கும் நடுவில் இருந்தது. வெள்ளம் வரும்போது ஓடைதான் முதலில் நிரம்பும். வீட்டு வாசலில் தண்ணீர் வந்து நிற்பதற்கு முன்பே, மேட்டுக்குப் போகும் வழி பின்புறத்தில் அடைபட்டுவிடும். 1852-இல் அத்தனை பேர் சிக்கிக்கொண்டதற்கு வெள்ளத்தின் உயரம் மட்டும் காரணமல்ல, நிலத்தின் இந்த அமைப்பும் காரணம்.

இது விராஜுரி என்ற பூர்வகுடி மக்களின் நாடு. மக்குவாரி, லாக்லன், மரம்பிட்ஜி என்ற மூன்று ஆறுகளையும் சார்ந்து வாழ்ந்த பெரிய மக்கள் கூட்டம் அவர்கள். ஆற்றில் மீன் பிடித்தார்கள், ஆற்றோர யூகலிப்டஸ் மரங்களின் பட்டையை உரித்துத் தோணி செய்தார்கள். அடிமரத்தில் நீள்வட்டமாக வெட்டி, பட்டையை ஒரே தகடாகப் பெயர்த்து, நெருப்பில் வாட்டி வளைத்து, குச்சிகளை முட்டுக்கொடுத்து விரித்து வைப்பார்கள். மரம் சாகாது. பட்டை உரித்த தழும்போடு தொடர்ந்து வளரும். அப்படித் தழும்பு ஏறிய மரங்கள் மரம்பிட்ஜிக் கரையில் இன்றும் உண்டு. இந்தத் தோணி இலேசானது, ஆழமில்லாதது. கடும் நீரோட்டத்தில் அதைக் கவிழாமல் செலுத்துவது சின்ன வயதிலிருந்து பழகினால்தான் கைகூடும்.

வெள்ளையர்கள் இந்தப் பகுதிக்கு வந்தது 1820-களின் கடைசியில். 1829-இல் சார்ல்ஸ் ஸ்டர்ட் மரம்பிட்ஜி வழியாகத் தன் ஆய்வுப் பயணத்தைத் தொடங்கியபோது, கால்நடைக்காரர்கள் ஏற்கெனவே இங்கே கொட்டகை போட்டிருந்தார்கள். அதே ஆண்டில்தான் காலனி அரசு, குடியேற அனுமதியுள்ள எல்லை இதுவரைதான் என்று பத்தொன்பது கவுண்டிகளை வரையறுத்தது. கண்டகை அந்த எல்லைக்கு வெளியே. ஆனாலும் மந்தைகள் நிற்கவில்லை. தடுக்க முடியாது என்று கண்ட அரசு, 1836-இல் ஆண்டுக்கு 10 பவுண்டு கட்டினால் எல்லைக்கு வெளியே மேய்த்துக்கொள்ளலாம் என்று உரிமம் கொடுக்கத் தொடங்கியது. அந்த நிலம் யாருடையது என்ற கேள்வியை அரசும் கேட்கவில்லை, கால்நடைக்காரர்களும் கேட்கவில்லை.

அதே 1836-இல் மரம்பிட்ஜிப் பக்கமிருந்து முதல் மாட்டு மந்தையைத் தெற்கே போர்ட் பிலிப்புக்கு, அதாவது இன்றைய மெல்பர்னுக்கு, ஓட்டிப்போனார்கள். பின்னாலேயே மாட்டு வண்டிகளும் ஆட்டு மந்தைகளும் குடியேறிகளும் அந்தத் தடத்தில் இறங்கினார்கள். தடம் சாலையானது. சாலை ஆற்றைக் கடக்கும் இடங்களில் அரசு ஊர்களை அளந்தது. 1838-இல் கண்டகை, அடுத்த ஆண்டு ஆல்பரி. ஊருக்கு இடம் தேர்ந்தெடுத்தவர்களின் கணக்கு எளிமையானது. ஆற்றில் ஆழம் குறைந்த துறை எங்கேயோ அங்கே வண்டிகள் வந்து நிற்கும். வண்டி நிற்கும் இடத்தில் சத்திரமும் கொல்லன் பட்டறையும் கடையும் நடக்கும். மேடு கல்லும் முரடுமாக இருந்தது. சமவெளி தட்டையாக, நல்ல மண்ணோடு, தண்ணீருக்கு அருகில் இருந்தது. துறையை ஒட்டியே மனைகளை வரைந்தார்கள். அந்த வரைபடத்தில் தூரம் இருந்தது, திசை இருந்தது, தெருவின் அகலம் இருந்தது. வெள்ளம் எவ்வளவு உயரம் ஏறும் என்ற ஒன்று மட்டும் இல்லை.

அதைச் சொல்ல ஆள் இல்லாமல் இல்லை. இந்த நிலத்தில் பெருவெள்ளம் வரும் என்று விராஜுரி மக்கள் குடியேறிகளை எச்சரித்ததாகக் கண்டகையின் வரலாறு திரும்பத் திரும்பச் சொல்கிறது. யார் யாரிடம் எந்த நாளில் சொன்னார் என்று எழுதிவைக்கும் வழக்கம் அன்று இல்லை. எழுதத் தெரிந்தவர்கள் அதைக் கேட்கத் தகுந்த செய்தியாகவே எண்ணவில்லை. ஆனால் பல தலைமுறைகளாக அந்தக் கரையில் வாழ்ந்த மக்களுக்கு ஆற்றின் எல்லை தெரியாமல் இருந்திருக்குமா? தண்ணீரோடு வந்து மரக்கிளைகளின் உச்சியில் சிக்கித் தொங்கும் சருகும் சுள்ளியும் போதுமே, முன்பு எவ்வளவு உயரம் ஏறியது என்று காட்ட.

1844-இல் ஆறே வந்து சொன்னது. அந்த ஆண்டு வெள்ளம் ஊருக்குள் புகுந்தது. மிரண்டுபோன மக்கள், தாங்கள் வாங்கிய மனைகளுக்குப் பதிலாக மேட்டு நிலத்தில் மனை மாற்றித் தரும்படி அரசிடம் கேட்டார்கள். மறுத்துவிட்டார்கள். கண்டகையின் வரலாற்றில் நான் மிக முக்கியமானதாகக் கருதுவது இந்த மறுப்பைத்தான். 1852 வெள்ளத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த இரவைப் பற்றியே பேசுகிறார்கள், இயல்புதான். ஆனால் அந்த இரவில் யார் யார் சாவார்கள் என்பதைத் தீர்மானித்தவற்றில் 1844-இல் எழுதப்பட்ட பதிலும் ஒன்று. அன்றைய காலனியில் அரசு நிலம் ஏலத்தில் விற்கப்பட்டது. அந்த வருவாயில் ஒரு பகுதி பிரிட்டனிலிருந்து தொழிலாளர்களைக் கப்பலேற்றிக் கொண்டுவரச் செலவானது. நிலம் அரசுக்குப் பணம். கையில் இருந்த காசையெல்லாம் மனையிலும் வீட்டிலும் சத்திரத்திலும் போட்டிருந்த எளிய மனிதர்களுக்கு, அதை அப்படியே விட்டுவிட்டு மேட்டில் புதிதாக மனை வாங்க வழியில்லை. அதனால் இருந்தார்கள். சில அடித் தண்ணீர் வரும், வந்தால் பரணில் ஏறிக்கொள்ளலாம், வடிந்ததும் இறங்கலாம் என்று பழகிக்கொண்டார்கள். பழகிக்கொண்டதே பிறகு ஆபத்தானது.

1851-இல் பாதர்ஸ்ட் அருகிலும் விக்டோரியாவிலும் தங்கம் கிடைத்த செய்தி பரவியது. சிட்னிக்கும் தெற்கே உள்ள தங்க வயல்களுக்கும் இடைப்பட்ட சாலையில் கண்டகை இருந்ததால் கூட்டம் பெருகியது. சத்திரங்கள் நிறைந்தன, ஓடத்துறையில் வண்டிகள் காத்துக்கிடந்தன. 1852 ஜூன் மாதம் ஊரில் சுமார் 250 பேர், கூடவே வழிப்போக்கர்கள். ஜூன் அங்கே நடுக் குளிர்காலம்.

மழை விடாமல் பெய்தது. ஜூன் 24, வியாழன் அன்று ஆறு கரை மீறியது. மோர்லி ஓடை நிரம்பி மேட்டுக்குப் போகும் வழி துண்டானது. மக்கள் வழக்கப்படி பரணிலும் கூரையிலும் ஏறினார்கள். இம்முறை தண்ணீர் நிற்கவில்லை. 25-ஆம் தேதி ஊர் முழுவதும் வேகமாக ஓடும் ஆற்றின் நடுவில் இருந்தது. மரமும் மண்ணும் செங்கல்லுமாகக் கட்டிய வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கரைந்து சரிந்தன. கூரையோடு அடித்துச் செல்லப்பட்டவர்கள் உண்டு. எட்டிய மரக்கிளையைப் பிடித்துக்கொண்டவர்கள் உண்டு. அப்படிப் பிடித்துத் தொங்கியவர்களில் சிலர் கை மரத்துப்போய் இருட்டில் விழுந்து மூழ்கினார்கள். வெள்ளம் வடிந்தபோது 71 கட்டடங்கள் அழிந்திருந்தன. நின்றவை மூன்று வீடுகள்தான். இறந்தவர்கள் குறைந்தது 78 பேர். 89 வரை போகும் கணக்கும் உண்டு. வழிப்போக்கர்கள் வந்து தங்கிப்போகும் ஊரில் முழுக்கணக்கு எடுப்பது சுலபமல்ல. எப்படிப் பார்த்தாலும் ஊரில் மூன்றில் ஒருவர்.

மீதிப்பேரில் பலர் பிழைத்ததற்குக் காரணம் விராஜுரி ஆண்கள் சிலர். யாரி, ஜாக்கி ஜாக்கி, லாங் ஜிம்மி என்ற பெயர்கள் நிலைத்திருக்கின்றன. இன்னும் ஒருவரும் இருந்ததாகச் சொல்வார்கள். யாரி தன் பட்டைத் தோணியை அந்த நீரோட்டத்தில் இறக்கினார். ஒருவர், மிஞ்சினால் இருவர் ஏறக்கூடிய தோணி அது. மரத்தில் தொங்குகிறவரை ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டு, திரும்பவும் போனார். அடித்து வரும் மரங்களும் வீட்டுச் சட்டங்களும் வேலித் தூண்களும் நிறைந்த வெள்ளத்தில், இருட்டிலும் குளிரிலும், இரவும் பகலுமாக. பெரிய படகுகள் புக முடியாத இடத்தில், மரங்களுக்கு இடையே நுழைந்து போக அந்தச் சிறிய தோணியால் முடிந்தது. ஊரில் வழங்கும் கணக்குப்படி யாரி காப்பாற்றியவர்கள் 49 பேர், ஜாக்கி ஜாக்கி காப்பாற்றியவர்கள் 20 பேர். எண்ணிக்கையில் பதிவுகள் வேறுபடுகின்றன, குறைவாகச் சொல்கிறவர்களும் 40-க்கு மேல் என்கிறார்கள். 250 பேர் இருந்த ஊரில் இது எத்தனை பெரிய பங்கு என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்கு 28 ஆண்டு முன்பு, 1824 ஆகஸ்டில், பாதர்ஸ்ட் பகுதி விராஜுரி மக்கள் மீது ஆளுநர் பிரிஸ்பேன் இராணுவச் சட்டத்தை அறிவித்திருந்தார். விண்ட்ரடைன் என்ற தலைவரின் கீழ் அவர்கள் தங்கள் நிலத்துக்காகப் போராடிய காலம் அது. பிறகு மரம்பிட்ஜியின் கீழ்ப்பகுதியிலும் 1830-களின் முடிவில் மோதல்களும் கொலைகளும் நடந்தன. யாரியின் வயது ஆட்களுக்கு இவையெல்லாம் பெரியவர்கள் சொல்லக் கேட்ட பழங்கதை அல்ல, வாழ்நாளில் நடந்தவை. அப்படியிருந்தும் தோணியை இறக்கினார்கள். ஏன் என்று அவர்கள் வாய்மொழியாக எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. அந்தக் காரணத்தை அவர்கள் சார்பில் நாம் எழுதிக்கொள்வது சரியல்ல என்று நினைக்கிறேன்.

அடுத்த ஆண்டு, 1853-இல், இன்னொரு வெள்ளம் வந்தது. முந்தையதைவிடவும் உயரம். அதன் பிறகுதான் சமவெளி கைவிடப்பட்டது. வடக்கே பர்னாசஸ் மலைச்சரிவிலும் தெற்கு மேட்டிலும் ஊர் ஏறியது. வடக்குப் பக்கத் தெருக்களுக்குக் கவிஞர்கள், நாடகாசிரியர்கள் பெயர்கள்: ஹோமர், வர்ஜில், ஓவிட், மில்டன், பைரன். கடைத்தெருவான ஷெரிடன் தெருவுக்கும் அப்படி ஒரு நாடகாசிரியர் பெயர்தான். மலைக்குக் கிரேக்கக் கலைத் தேவதைகளின் மலையின் பெயர். அந்தத் தெருப்பெயர்ப் பட்டியலில் ஒரு விராஜுரி மனிதரின் பெயரையும் சேர்க்க அன்று யாருக்கும் தோன்றவில்லை.

ஊர் மேலே போனதும் புதிய சிக்கல். சாலை எப்படி ஆற்றைக் கடப்பது? ஆறு சிறியது, ஆனால் வெள்ளம் வந்தால் கடக்க வேண்டிய தூரம் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர். இரண்டு பெருவெள்ளங்களைப் பார்த்தவர்கள் இம்முறை முழுத் தூரத்துக்கும் பாலம் போட்டார்கள். 1867-இல் திறந்த பிரின்ஸ் ஆல்ஃப்ரட் பாலத்தில் ஆற்றின் மேல் இருப்பவை இரும்புச் சட்டங்களாலான மூன்று கண்கள் மட்டுமே. மீதி முழுவதும் சமவெளியின் மேல் மரத்தூண்களில் நின்ற மரப்பாதை. மரப்பாதையை 1890-களில் புதிதாகக் கட்டினார்கள். மொத்த நீளம் 900 மீட்டருக்கு மேல். 1886-இல் கூட்டமுண்ட்ராவிலிருந்து இரயில் வந்தது. 1903-இல் டியூமட் வரை அதை நீட்டியபோது, இரயிலுக்கும் 800 மீட்டருக்கு மேல் நீளமான இன்னொரு மரப்பாலம் தேவைப்பட்டது. நாட்டிலேயே மிக நீண்ட மரப்பாலங்களில் இரண்டு, இரண்டாயிரம் பேர் ஊரில் பக்கத்தில் பக்கத்தில் நின்றது இப்படித்தான். சுற்றுலாப் பயணிகள் அவற்றைப் பழங்காலப் பொறியியலின் அழகு என்று படம் எடுத்தார்கள். அழகுதான். ஆனால் ஒவ்வொரு தூணும் 1852-இன் தண்ணீர் எதுவரை வந்தது என்பதற்கு நட்ட அடையாளம்.

காப்பாற்றியவர்களுக்கு என்ன கிடைத்தது? வெண்கல மார்புத் தகடு கொடுத்துக் கௌரவித்தார்கள். அன்றைய காலனி, பூர்வகுடி மக்களில் தனக்கு உதவியவர்களுக்குக் கழுத்தில் மாட்டிவிடும் பிறைவடிவத் தகடு அது. ஊர் மக்கள் யாரிடமும் ஆறு பென்ஸ் காசு கேட்டு வாங்கிக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு இருந்ததாகச் சொல்வார்கள். நன்றி இருந்தது, பொய் இல்லை. ஆனால் அது காசாகவும் தகடாகவும் இருந்தது, நிலமாக இல்லை. பிற்காலத்தில் யாரி ஊரில் இழிவாக நடத்தப்பட்ட பதிவும் உண்டு. 1880-இல் அவர் கண்டகையில் இறந்தார்.

அதற்கு மூன்றாண்டு கழித்து நியூ சவுத் வேல்ஸில் பூர்வகுடிப் பாதுகாப்பு வாரியம் அமைந்தது. அதே பத்தாண்டில் கண்டகைக்கும் டியூமட்டுக்கும் இடையே பிரங்கிள் என்ற இடத்தில் பூர்வகுடி மக்களுக்கான குடியிருப்பு ஏற்பட்டது. சுற்றுவட்டார விராஜுரிக் குடும்பங்கள் அங்கே குவிந்தன. 1909-இல் வந்த சட்டம் வாரியத்துக்கு இன்னும் அதிகாரம் கொடுத்தது. 1912-இல், கண்டகைக்கு இரயில் வந்த அதே கூட்டமுண்ட்ராவில், பூர்வகுடிப் பெண் குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வீட்டு வேலைக்குப் பழக்கும் விடுதி திறக்கப்பட்டது. 1960-களின் இறுதி வரை அது நடந்தது. வெள்ளத்திலிருந்து அடுத்தவர் குழந்தைகளை இழுத்துக் காப்பாற்றிய மக்களின் குழந்தைகளை அரசு எடுத்துக்கொண்டு போனது. இந்த இரண்டு செய்திகளும் இடையில் ஐம்பது, அறுபது கிலோமீட்டர் தூரமுள்ள இரண்டு ஊர்களின் வரலாற்றில் தனித்தனியாகச் சொல்லப்படுகின்றன. ஒன்றாகச் சேர்த்துப் படிக்க வேண்டியவை என்பது என் கருத்து.

ஊரின் பிற கதைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1860-களில் அக்கம்பக்கத்தில் தங்கம் எடுத்தார்கள், அது ஊரைப் பெரிதாக மாற்றவில்லை. 1879-இல் கேப்டன் மூன்லைட் என்ற கொள்ளைக்காரரும் அவர் கூட்டமும் அருகிலிருந்த வாண்டபாட்ஜரி பண்ணையைப் பிடித்து வைத்துக்கொண்டு போலீசுடன் சண்டையிட்டார்கள். ஒரு காவலர் உயிரிழந்தார், மூன்லைட் 1880 ஜனவரியில் சிட்னியில் தூக்கிலிடப்பட்டார். சண்டையில் இறந்த தன் நண்பனின் அருகில் புதைக்கப்பட வேண்டும் என்ற அவருடைய கடைசி ஆசையை 1995-இல்தான் நிறைவேற்றினார்கள். அவர் எலும்புகள் கண்டகைக்குக் கொண்டுவரப்பட்டன.

ஊருக்கு நாடெங்கும் பெயர் வாங்கித் தந்தது சாலைதான். மாட்டு வண்டிக்காரர்கள் காலத்திலிருந்தே கண்டகை பாட்டுகளிலும் வழிநடைக் கவிதைகளிலும் இடம்பெற்றது. ஊர் திரும்பும் ஏக்கத்துக்கு அந்தப் பெயரே அடையாளமானது. அவற்றில் ஒன்று, வண்டி சேற்றில் சிக்கி, நுகம் முறிந்து, எல்லாம் கெட்டுப்போன ஒரு நாளில், வண்டிக்காரரின் சோற்றுப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்த நாயைப் பற்றியது. அந்த நாய்க்கு 1932 நவம்பர் 28 அன்று ஊருக்கு ஐந்து மைல் தொலைவில் சிலை வைத்தார்கள். திறந்துவைத்தவர் பிரதமர் ஜோசப் லயன்ஸ். உருவாக்கியவர் உள்ளூர்க் கல்தச்சர் ஃபிராங்க் ருஸ்கோனி. 20,948 பளிங்குத் துண்டுகளைச் சேர்த்து 28 ஆண்டுகளாக ஒரு சிறு மாளிகை உருவத்தைச் செய்து முடித்த பொறுமைசாலி அவர். முன்னோடிக் குடியேறிகளின் உழைப்புக்கு நினைவாகத்தான் நாயின் சிலையை வைத்தார்கள். ஊர் மக்களுக்கு அதன்மேல் உள்ள பிரியத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த நாளில் 1852 வெள்ளம் நடந்து 80 ஆண்டு ஆகியிருந்தது, யாரிக்கும் ஜாக்கி ஜாக்கிக்கும் கடைத்தெருவில் சிலை இல்லை.

சாலையால் பிழைத்த ஊர் என்பதற்கு ஷெரிடன் தெருவிலுள்ள நயாகரா கஃபே நல்ல சாட்சி. கிரேக்கக் குடியேறிகள் நடத்திய கடை. 1942-இல், போர் நடந்துகொண்டிருந்தபோது, பிரதமர் ஜான் கர்ட்டின் ஓர் இரவு நேரத்தில் சகாக்களோடு வந்து கதவைத் தட்டிச் சாப்பிட்டுவிட்டுப் போனார். சிட்னிக்கும் மெல்பர்னுக்கும் போகும் எல்லாரும், பிரதமரே ஆனாலும், அன்று அந்தத் தெரு வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. 1977-இல் ஷீஹன் பாலம் திறந்தது. அன்றோடு நெடுஞ்சாலை ஊரை விட்டு வெளியே போனது. கடைத்தெருவில் லாரிச் சத்தம் நின்றது, வியாபாரமும் குறைந்தது. 1984-இல் இரயிலும் நின்றது. பழைய பாலத்தின் மரப்பாதை பராமரிப்பின்றி இற்றுப்போய், அண்மை ஆண்டுகளில் அகற்றப்பட்டது. 2016-இல் மாநில அரசு கண்டகை நகராட்சியைக் கூட்டமுண்ட்ராவோடு இணைத்தது. ஊரார் கடுமையாக எதிர்த்தார்கள், பிரித்துத் தரும்படி கேட்டுப் போராடினார்கள். தங்கள் ஊரைப் பற்றித் தொலைவில் இருப்பவர்கள் முடிவெடுத்ததால் வந்த வினையை அறிந்த ஊருக்கு அந்தக் கோபம் வருவதில் வியப்பில்லை.

2017 ஜூனில், வெள்ளம் நடந்து 165 ஆண்டு கழித்து, ஷெரிடன் தெருவில் யாரியும் ஜாக்கி ஜாக்கியும் தோணியோடு நிற்கும் வெண்கலச் சிலை திறக்கப்பட்டது. நாய்க்குச் சிலை வைத்து 85 ஆண்டு கழித்து. திறப்பு நாளில் விராஜுரிக் குடும்பங்களும், காப்பாற்றப்பட்டவர்களின் வழித்தோன்றல்களும் சேர்ந்து நின்றார்கள். மறுஆண்டு இருவருக்கும் வீரச்செயலுக்கான ஆஸ்திரேலிய அரசு விருது வழங்கப்பட்டது. இவ்வளவு காலம் ஆனதற்குக் காரணம் ஊரார் மறந்தது அல்ல. குடும்பங்களுக்குள் கதை வாழ்ந்துகொண்டுதான் இருந்தது. நான் இன்று உயிரோடு இருப்பதற்கே யாரிதான் காரணம் என்று சொல்லக்கூடிய குடும்பங்கள் அங்கே உண்டு. வீட்டுக்குள் சொன்னதைத் தெருவில் நிறுத்திவைக்கத்தான் அத்தனை ஆண்டு பிடித்தது.

வெள்ளம் இப்போதும் வருகிறது. மேலே 1907-இல் கட்டத் தொடங்கிய பரின்ஜக் அணையும், 1968-இல் முடிந்த ப்ளவரிங் அணையும் இருக்கின்றன. சிறிய வெள்ளங்களை அவை பிடித்துக்கொள்ளும், பெரியதை முழுதாகப் பிடிக்க அவற்றால் முடியாது. 1974-லும் 2010-லும் 2012-லும் சமவெளி பெரிய ஏரியானது. 1852-ஐப் போன்ற சாவு மறுபடி வரவில்லை. அணைகளும் முன்னறிவிப்பும் உதவின. ஆனால் முதல் காரணம், தண்ணீர் வந்த இடத்தில் வீடு இல்லை என்பதுதான்.

1844-இல் கண்டகை மக்கள் கேட்ட மனை மாற்றம் நடக்கக்கூடிய காரியம்தான் என்பதற்குக் குயின்ஸ்லாந்திலுள்ள கிராந்தம் என்ற சிற்றூர் உதாரணம். 2011 ஜனவரி 10 அன்று திடீர் வெள்ளத்தில் அங்கே 12 பேர் இறந்தார்கள். லாக்கியர் பள்ளத்தாக்கு உள்ளாட்சி மன்றம் அருகிலிருந்த மேட்டு நிலத்தை விலைக்கு வாங்கியது. தாழ்விடத்து மனையைக் கொடுத்துவிட்டு மேட்டு மனையை எடுத்துக்கொள்ளலாம் என்று குலுக்கல் முறையில் பிரித்துக் கொடுத்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் முதல் குடும்பங்கள் புது வீட்டில் குடியேறின. அண்டை வீட்டுக்காரர்கள் அண்டை வீட்டுக்காரர்களாகவே இருந்தார்கள்.

2022 பிப்ரவரி 28 அன்று நியூ சவுத் வேல்ஸின் வடக்கே லிஸ்மோர் நகரில் ஆறு 14.4 மீட்டர் அளவை எட்டியபோது அரசு வேறு வழியை எடுத்தது. வீட்டுக்குப் பணம் கொடுத்து வாங்கிக்கொள்ளும் திட்டம். பணம் வாங்கியவர்களுக்கு அதே ஊரில் மேட்டு மனை தயாராக இருக்கவில்லை, வீட்டு விலையோ ஏறிக்கொண்டிருந்தது. பணத்தோடு வேறு ஊருக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம், தாழ்விடத்திலேயே வீட்டை உயர்த்திக் கட்டிக்கொண்டு இருக்கிறவர்கள் இன்னொரு பக்கம் என்று தெருக்கள் பிரிகின்றன. லிஸ்மோருக்கு வெள்ளத் திட்டம் வகுப்பவர்கள் தீர்க்க வேண்டியது, மேட்டு நிலத்தை யார் வாங்குவது, எப்போது மனை பிரிப்பது, யாருக்கு முதலில் கொடுப்பது என்ற மூன்று கேள்விகள். அந்த ஊர் பண்ட்ஜலங் என்ற பூர்வகுடி மக்களின் நாடு. ஆறு எதுவரை வரும் என்று அவர்களிடம் கேட்பதையும் அதோடு சேர்த்துக்கொள்ளலாம்.